தபஸ்ஸுமின் உள்ளங்கை அரித்த கதை

தபஸ்ஸுமைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு மூன்றுதான் தேறும்: மருதாணி நன்றாகப் போடுவாள். மற்றதெல்லாம் வாய். மீர்சாகிப்பேட்டையில் அவள் வீட்டு மாடியில் நின்று திட்டினால் ஐஸ் ஹவுஸ் வரைக்கும் கேட்கும் என்பார்கள். நான் ஐஸ் ஹவுஸில் நின்று கேட்டதில்லை. பக்கத்தில் நின்று நிறையக் கேட்டிருக்கிறேன்.

என் பெயர் சொர்ணம். கல்யாணப் பெண்களுக்குப் பூ ஜடை தைப்பவள். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பதினெட்டு வருஷமாக அவளும் நானும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போகிறோம். கை அவளுக்கு, தலை எனக்கு. நடுவில் இருப்பதைப் புடவை கட்டிவிடுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அவள் போடுகிற மருதாணிக்குப் பேர் வந்ததில் பாதிப் பங்கு ஃபிசாவுடையது. ஃபிசா என்பவள் தபஸ்ஸுமின் தம்பி பெண்டாட்டி. தம்பி எட்டு வருஷத்துக்கு முன்னால் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. மாமியார் இல்லை, மாமனார் இல்லை, புருஷனும் இல்லை, நாத்தனார் மட்டும் மிச்சம், அதுவும் இந்த நாத்தனார் என்றால் வேறு எவளாக இருந்தாலும் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியிருப்பாள். ஃபிசா ஓடவில்லை. அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து மருதாணிப் பொடியை நைலான் துணியில் மூன்று தடவை சலிப்பாள். சர்க்கரை, எலுமிச்சம்பழச் சாறு, நீலகிரித் தைலம், அவ்வளவுதான் சேர்ப்பாள். ராத்திரி ஊறவைத்துக் காலையில் கோன் சுருட்டுவாள். கறுப்பாகப் பிடிக்க வேண்டும் என்று கடைக் கோனில் என்னென்னவோ கலக்கிறார்களே, அந்தச் சங்கதியே அவளிடம் கிடையாது. "ஃபிசா கோன்" என்றாலே எங்கள் தொழிலில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

அப்படியும் தபஸ்ஸும் நம்பமாட்டாள். அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. புதிதாகக் கலந்த கோன் எதுவானாலும் முதலில் தன் இடது உள்ளங்கையில் சின்னதாக ஒரு பூ போட்டுப் பார்ப்பாள். அரை மணி நேரம் எரியவில்லை, அரிக்கவில்லை என்றால்தான் கல்யாணப் பெண்ணின் கையைத் தொடுவாள். வாரத்துக்கு மூன்று கல்யாணம் என்றால் மூன்று பூ. பழைய சிவப்பு மங்குவதற்குள் புதுச் சிவப்பு ஏறிவிடும். இதை எல்லா வீட்டிலும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கும்படி செய்வாள். "என் கை தாங்கினா உங்க பொண்ணு கையும் தாங்கும்மா" என்பாள். பெண்ணைப் பெற்றவர்கள் உருகிப்போவார்கள்.

2021 மே மாதம் அவளுக்குக் கொரோனா வந்தது. எங்கே வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று இன்றுவரை ஒரு பட்டியல் வைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அதில் என் பெயரும் இருக்கிறது. இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரி. அதில் பதினோரு நாள் ஐசியூவில் வாயில் குழாய். தபஸ்ஸும் வாயை அடைத்து வைக்கப் பதினோரு நாள் மெஷின் தேவைப்பட்டது என்று நான் அப்புறம் ஒரு நாள் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த நாட்களில் யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் உண்மை. ஃபிசா தினம் இரண்டு வேளை கஞ்சியைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி கேட்டில் போய் நிற்பாள். உள்ளே இருப்பவள் சாப்பிடும் நிலையில் இல்லை என்று வாட்ச்மேன் சொல்வார். "நாளைக்கு சாப்புடுவாங்க" என்று சொல்லிவிட்டு மறுநாளும் போவாள். பன்னிரண்டாவது நாள் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில், ஈரல் டெஸ்ட் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஒரு மாதத்தில் மறுபடி பார்க்கவும் என்று ஒரு வரி இருந்ததாம். ஆள் பிழைத்து வந்த சந்தோஷத்தில் அந்தச் சீட்டை யார் படித்தார்கள்? அதைக் குர்ஆன் வைக்கிற அலமாரிக்குக் கீழ்த்தட்டில் பத்திரமாக வைத்தார்கள். பத்திரமாக என்றால் அவ்வளவு பத்திரம், நவம்பர் வரைக்கும் யார் கண்ணிலும் படவில்லை.

ஆவணி பிறந்ததும் கல்யாணங்கள் திரும்பின. ஐம்பது பேருக்குமேல் கூடக் கூடாது, ஆனால் கைக்கு மருதாணி மட்டும் முழங்கை வரைக்கும் வேண்டும். முதல் பெரிய வேலை மந்தவெளியில் ஹம்சினி என்கிற பெண்ணுக்கு. அம்மா சுப்புலக்ஷ்மி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அன்றைக்குக் கோன் நிறையத் தேவை என்பதால் ஃபிசாவும் கூட வந்திருந்தாள். வடக்கேயிருந்து வழக்கமாக வரும் பொடி லாக்டவுனில் வரவில்லை. பாரிமுனையில் ஒரு புதுக் கடையில் வாங்கிக் கலந்திருந்தாள். அதைத் தபஸ்ஸுமிடம் முன்னாலேயே சொல்லியும் இருந்தாள்.

தபஸ்ஸும் வழக்கம்போல் நடுக்கூடத்தில் உட்கார்ந்து உள்ளங்கையில் பூ போட்டாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தொடையில் கையைத் தேய்க்க ஆரம்பித்தாள். அப்புறம் சோபா ஓரத்தில். அப்புறம் என் சீப்பை எடுத்து அதன் பல்லால் வறட் வறட்டென்று சொறிந்தாள். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதற்கு முந்தைய வாரத்திலிருந்தே அவள் இப்படித்தான் சொறிந்துகொண்டிருந்தாள். அப்போதெல்லாம் கொசு என்றாள்.

சுப்புலக்ஷ்மி மாமி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.

"ஏம்மா, நீங்க வந்ததுலேர்ந்து சொறிஞ்சுண்டே இருக்கேளே. இதைத்தான் எங்காத்துக் கொழந்தை கையில வெக்கப் போறேளா?"

ஒரு மனுஷிக்குத் தொழிலில் இருபது வருஷமாகச் சேர்த்த பேர் கண்ணெதிரே கரைவது போலத் தோன்றினால் என்ன செய்வாள்? நிதானமானவளாக இருந்தால், "எனக்கு உடம்பு சரியில்லை" என்பாள். எங்கள் ஆளுக்கும் நிதானத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பக்கத்தில் கோன் அடுக்கிக்கொண்டிருந்த ஃபிசாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாடி கலந்த இதுல?"

"எப்பவும் கலக்கறதுதான் ஆபா."

"எப்பவும் கலக்கறதா? எப்பவும் கலந்தா இப்ப மட்டும் இன்னாத்துக்குக் கை பத்திகினு எரியுது? புதுக் கடையில விலை கம்மின்னு கெமிக்கல் பொடிய வாங்கிக்கினு வந்து என் தலையில கட்டறியா? ஒரு கல்யாணப் பொண்ணு கைய பொசுக்கப் பாத்தியேடி பாவி!"

அவர்கள் வீட்டில் பேசுவது உருது, ஆபா என்றால் அக்கா. ஆனால் திட்டுவது மட்டும் தமிழில்தான், சுற்றியிருப்பவர்களுக்குப் புரியவில்லை என்றால் திட்டுவதில் என்ன பிரயோஜனம்? அங்கே பதினேழு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் புரிந்தது. நாற்பது கோன்களையும் வாரி மாமி வீட்டு பக்கெட்டில் போட்டாள். அன்றைக்குக் கடைக் கோன் வாங்கிவரச் சொல்லித்தான் வேலை முடிந்தது.

அதோடு விட்டாளா? எங்கள் தொழில்காரிகளுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு, நூற்றெண்பது பேர். மருதாணி, ஜடை, மேக்கப், புடவைக் கட்டு எல்லாரும் இருப்போம். திரும்பி வரும் ஆட்டோவிலேயே குரல் பதிவு போட்டாள். "ஃபிசா கோன யாரும் வாங்காதீங்க. கெமிக்கல் கலக்குது. என் கையே சாட்சி." ஃபிசா அதே ஆட்டோவில் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஃபிசா நைலான் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேளச்சேரியில் இருக்கும் அக்கா வஜீஹா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளிடம் கோன் வாங்கிக்கொண்டிருந்த முப்பது பேரும் ஒரே வாரத்தில் கை கழுவினார்கள். அதுதான் அவளுக்கு இருந்த ஒரே பிழைப்பு.

ஃபிசாவும் போனாள், ஃபிசா கோனும் போனது. அரிப்பு போனதா? போகவில்லை. இரண்டு உள்ளங்கையும் அரித்தது. பாதம் அரித்தது. இருட்டினால் இன்னும் அதிகம். கடைக் கோனை மாற்றினாள், சோப்பை மாற்றினாள், கத்தரிக்காயை நிறுத்தினாள், இறாலை நிறுத்தினாள். பாதம் அரிப்பதற்குச் செருப்புதான் காரணம் என்று நல்ல செருப்பைத் தூக்கி எறிந்தாள். மெத்தையில் மூட்டைப்பூச்சி என்று மொட்டைமாடியில் போட்டுச் சாத்தினாள். மெத்தை கிழிந்ததுதான் மிச்சம். மருந்துக் கடையில் அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மத்தியானமெல்லாம் கொட்டாவி விட்டாள். புரட்டாசியில் கல்யாணம் இல்லாததால் உட்கார்ந்து சொறிய நேரமும் நிறைய இருந்தது. உடம்பு பாதியானது. பார்த்தவர்களெல்லாம் "இளைச்சு அழகா ஆயிட்டீங்களே" என்றார்கள். அதற்கு மட்டும் சந்தோஷப்பட்டாள்.

"ஏ தபஸ்ஸும், அவ கோன் இல்லாமலே அரிக்குதே" என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"அவ வச்ச வெஷம் இன்னும் ஒடம்புலயே கீது" என்றாள்.

ஐப்பசி முதல் முகூர்த்தம். தி.நகரில் ஒரு சின்ன மண்டபம். போட்டோ எடுக்க வந்தவன் ஸ்ரீநாத், எங்களுக்குப் பழக்கமான பையன். முந்தைய மாதங்களில் எடுத்த படங்களைக் காட்டுகிறேன் என்று லேப்டாப்பைத் திறந்தான். ஒன்றில் தபஸ்ஸும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறாள். நன்றாகத்தான் இருந்தது.

"மெஹந்தி அக்கா படம்னா மட்டும் எனக்கு வேலை ஜாஸ்தி" என்றான். "மண்டபத்து லைட்டு சரியில்ல. இவங்க கண்ணு மஞ்சளா விழுது. ஒவ்வொண்ணா வெள்ளையாக்கிக் கொடுக்கறேன்."

"எத்தினி மண்டபத்துல?" என்று கேட்டேன்.

யோசித்தான். "எல்லா மண்டபத்துலயும்."

"அதே படத்துல பொண்ணு கண்ணு?"

"அது வெள்ளையாதான்..." என்று இழுத்தவன் அப்படியே நிறுத்திவிட்டான். திருத்துவதற்கு முந்தைய படத்தைப் போட்டான். தபஸ்ஸுமின் கண் இரண்டும் மஞ்சள் கிழங்கு. இரண்டு மாதமாக இந்தப் புண்ணியவான் அவள் காமாலையை மவுஸை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நாங்கள் நேரில் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லையா என்றால், முகத்தில் மாஸ்க், கண்ணில் அப்பிய மை, கையில் எந்நேரமும் மருதாணி. அவள் எந்த நிறம் என்று யாருக்குத் தெரியும்?

உடனே நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாக்கத்தில் எங்கள் பிளாக்குக்குப் பின்னால் முளைத்திருந்த கீழாநெல்லியைப் பிடுங்கி மோரில் அரைத்து பாட்டிலில் கொண்டுபோனேன். இரண்டு நாள் குடித்தாள். மூன்றாம் நாள் வாந்தி. அதற்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்து, அடையாறில் ஈரல் டாக்டர் ஸ்ரீரங்கனிடம் இழுத்துக்கொண்டு போனேன். அலமாரியைக் குடைந்து அந்த டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் சீட்டைப் படித்தார், என் பாட்டிலை மோந்து பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"குடிப்பீங்களாம்மா?" என்று தபஸ்ஸுமைக் கேட்டார்.

"டீ."

"யூரின் என்ன கலர்ல போகுது?"

"அதுலயா டாக்டர் நான் டிசைன் போடறேன், கலர் பாக்கறதுக்கு?"

அவர் சிரிக்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நாலு நாள் கழித்துப் படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினார். ஈரலுக்குள் கிளை கிளையாகப் பித்தக் குழாய்கள். அவை சீராக இல்லாமல் அங்கங்கே நெரிந்தும் அங்கங்கே உப்பியும் கிடந்தன.

"கொரோனா வந்தவங்க நிறையப் பேருக்கு ஈரல் டெஸ்ட் கொஞ்சம் ஏறும், சில வாரத்துல தானா எறங்கிடும்" என்றார். "ரொம்ப சீரியஸா ஐசியூவுல இருந்தவங்கள்ல சில பேருக்கு மட்டும், அபூர்வமா, இப்படி ஆகுது. குழாய்க்கு ரத்தமும் ஆக்சிஜனும் சரியாப் போகாம உள்சுவர் செத்துடுது. அப்புறம் தழும்பு விழுந்து குழாய் சுருங்குது. பித்தம் குடலுக்குப் போக வழியில்லாம தேங்கி ரத்தத்துல கலக்குது. அதுதான் கண்ணு மஞ்சள். அரிப்பும் அதனாலதான். உள்ளங்கை, உள்ளங்கால்லதான் ஜாஸ்தியா இருக்கும். எத்தனை நாளா?"

"ஆவணியிலேர்ந்து. எங்க வீட்டுப் பொண்ணு கோனுல கெமிக்கல் கலந்துட்டா டாக்டர், அதான்..."

"கோனை எங்க வச்சுப் பாப்பீங்க?"

"இடது கையில."

"அரிச்சது?"

"ரெண்டு கையிலயும். கால்லயும்."

"கால்லயும் கோன் வச்சுப் பாத்தீங்களா?"

அவள் செருப்பிலிருந்து காலை எடுத்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த நேரத்துல நீங்க உள்ளங்கையில நெய் தடவியிருந்தாலும் அரிச்சிருக்கும்மா" என்றார். பித்தம் ஓட ஒரு மாத்திரை, அரிப்புக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஒரு பொடி, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. சரியாகுமா என்று நான் கேட்டேன். சிலருக்கு இப்படியே நின்றுவிடும், சிலருக்கு மோசமாகும், மோசமானால் வேறு ஈரல் வைக்க வேண்டியிருக்கும், இப்போதே சொல்ல முடியாது என்றார். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. வெளியே வந்து அடையாறு சிக்னல் வரைக்கும் நடந்தாள்.

"அவ ஒண்ணுமே கலக்கலடி" என்றாள். அதற்கப்புறம்தான் நடுரோட்டில் நின்று அழுதாள்.

அன்றைக்கே குழுவில் குரல் பதிவு போட்டாள். ஈரல் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று ஒரு எண் விடாமல் நூற்றெண்பது பேருக்கும் படித்தாள். "தப்பு கோனு மேல இல்ல. கொரோனா வந்து என் ஈரல கெடுத்துட்டுப் போச்சு, அந்த ஈரல்தான் இத்தினியும் பண்ணிச்சு" என்று முடித்தாள். கும்பிட்ட கைகளும் அழுகிற முகங்களும் வரிசையாக வந்து விழுந்தன. ஃபிசாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் கேட்டுவிட்டாள் என்று காட்டும் இரண்டு நீலக் கோடு மட்டும் வந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை.

ஒரு வாரம் பார்த்தாள். அப்புறம் வேளச்சேரிக்குக் கிளம்பினாள். நவம்பர் மழை, அந்தப் பக்கமெல்லாம் முழங்கால் தண்ணீர். ஆட்டோக்காரர் மெயின் ரோட்டிலேயே கும்பிடு போட்டுவிட்டார். ஸ்கேன் படம் இருந்த பெரிய கவரைக் குடைக்குப் பதிலாகத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கார்ப்பரேஷனைத் திட்டிக்கொண்டே அவள் முன்னால் போக, நான் பின்னால் போனேன்.

வஜீஹா முதல் மாடியில் இருந்தாள். கதவைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தங்கையை அனுப்பினாள். ஃபிசா வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். கைவிரல்களில் மருதாணிக் கறை ஒரு பொட்டுகூட இல்லை.

தபஸ்ஸும் சலாம்கூடச் சொல்லவில்லை. கவரிலிருந்து ஈரமான படத்தை உருவி ஜன்னலில் ஒட்டிப் பிடித்தாள்.

"பாரு. நல்லாப் பாரு. இந்தக் கொழாயெல்லாம் எப்டி நெரிஞ்சிகினு கீது பாரு. நான் பொய் சொல்லல. இதுதான் அத்தினியும் பண்ணிச்சு."

ஃபிசா படத்துக்குப் பக்கத்தில் போய் ரொம்ப நேரம் பார்த்தாள். நெரிந்த இடம் ஒவ்வொன்றிலும் விரலை வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டுதான் திரும்பினாள்.

"சரி ஆபா. கையி அரிச்சது ஈரலால. கண்ணு மஞ்சளானது ஈரலால. அம்மாம் பேரு முன்னால என்னை வெஷம் வைக்கறவன்னு சொன்னது?"

தபஸ்ஸும் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எட்டு வருஷமா உங்க சோத்துல கைய வச்சவ நான். ஆஸ்பத்திரி கேட்டுல நின்னேனே, அந்தக் கஞ்சியில கலந்தனா? ஒரு தடவ யோசிச்சீங்களா? கொரோனா உங்க ஈரலத்தான் கெடுத்திச்சு. உங்க வாயையும் அதுவா கெடுத்திச்சு?"

படத்தைப் பிடித்திருந்த தபஸ்ஸுமின் கை மெல்லக் கீழே இறங்கியது. நான் எதிர்பார்த்தது ஒரு கத்தல். சத்தியமாக, ஓடுவதற்குச் செருப்பில் கால்கூட நுழைத்துவிட்டேன். அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். குழுவைத் திறந்து மைக்கை அழுத்தினாள். வார்த்தை வரவில்லை. வெறும் மூச்சுச் சத்தம் பதினைந்து விநாடி போய் நூற்றெண்பது பேருக்கும் சேர்ந்தது. மறுபடி அழுத்தினாள்.

"தபஸ்ஸும் பேசறேன். ஃபிசா கோனுல ஒண்ணும் இல்ல. எப்பவும் இருந்ததில்ல. அவ மேல பழி சொன்னது என் ஈரல் இல்ல, நான். ஈரல் கெட்டாலும் கெடலன்னாலும் நான் அத சொல்லியிருக்கக் கூடாது. ஃபிசா, என்னை மன்னிச்சிரு. மன்னிக்கலன்னாலும் நீ தப்பு பண்ணலன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

அனுப்பிவிட்டுப் போனைக் கீழே வைத்தாள். எதிரே இருந்த ஃபிசாவின் போன் டிங் என்றது. அவள் அதைத் தொடவில்லை. குனிந்து தபஸ்ஸும் கீழே போட்ட பையை எடுத்து, அதற்குள் கையை விட்டு மாத்திரை அட்டையை வெளியே எடுத்தாள். அதோடு இருந்த பில்லின் தேதியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பத்து நாள் அட்டையில ஆறு அப்டியே கீதே" என்றாள். "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"